சுட்டி நகர்கிறது, எழுத்து விழவில்லை

கேள்வி:

வணக்கம் ஐயா. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா ஆரம்பித்த சின்ன அச்சுக் கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமக்கிரியை, தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் எங்கள் வேலை. எல்லாம் அப்பாவின் பழைய விண்டோஸ் 7 கணினியில், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் போன வருஷத்து நோட்டீசைக் கையில் கொண்டுவந்து, "இதே மாதிரி போடும்மா, தேதி மட்டும் மாத்து" என்பார்கள். அந்தக் கணினி இல்லாமல் கடை ஓடாது.

மின்னல் வெட்டி இரண்டு முறை பவர் சப்ளை போனதும் பயம் வந்துவிட்டது. ஈப்போவில் விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்று வாங்கி, டிஸ்க்2விஎச்டி கொண்டு பழைய வன்தட்டை அப்படியே ஒரு கோப்பாக்கி, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்சுக்குள் ஏற்றினோம். விண்டோஸ் திறக்கிறது, சுட்டி நகர்கிறது. ஆனால் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் ஓர் எழுத்துகூட விழவில்லை. அதற்கு முன்னால் வரும் கறுப்புத் திரையில் மட்டும் அம்புக்குறி விசைகள் வேலை செய்கின்றன. திரையில் தெரியும் விசைப்பலகையைச் சுட்டியால் தட்டித்தான் உள்ளே போனோம். பிறகு யுஎஸ்பி விசைப்பலகை ஒன்று வாங்கி, விர்ச்சுவல்பாக்சின் யுஎஸ்பி பட்டியலில் அதற்கு டிக் போட்டோம். அதில் எழுத்து விழுகிறது. ஆனால் தமிழில் அடிக்கும்போது சில எழுத்துகள் இரட்டிக்கின்றன. @ அடித்தால் மேற்கோள் குறி வருகிறது. அப்பா வந்து உட்கார்ந்தால், சில நேரம் அச்சிடப் போகும்போது திரை மங்கி எல்லாம் நின்றுவிடுகிறது. தம்பி, "விண்டோசைப் புதுசா போட்டுடலாம்" என்கிறான். போடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். போட வேண்டாம். தம்பியின் கையைச் சற்றுப் பிடித்து வையுங்கள்.

புதிய விண்டோஸ் போட்டால் விசைப்பலகை வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்பா வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த எழுத்துருக்கள், தமிழ் மென்பொருளின் அமைப்பு, பேஜ்மேக்கர் எல்லாவற்றையும் திரும்பத் தேடி ஏற்ற வேண்டிவரும். அவற்றின் நிறுவல் வட்டுகள் எங்கே என்று கேட்டால் அப்பாவே யோசிப்பார். நீங்கள் இடம் மாற்றியது விண்டோசுக்காக அல்லவே, அதற்குள் இருக்கிற கடைக்காகத்தானே.

உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறீர்கள். எது வேலை செய்யவில்லை என்பதோடு, எது வேலை செய்கிறது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதி, "கீபோர்ட் ஓடலை, என்ன செய்ய?" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கணினியைத் தொடாமலே பாதி வழி போய்விடலாம்.

கறுப்புத் திரையில் அம்புக்குறி விசைகள் ஓடுகின்றன என்றீர்கள். அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. விசையைப் படிப்பது பயாஸ், அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை நிரல். ஆக மடிக்கணினியிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸ் வரைக்கும், அங்கிருந்து உள்ளே இருக்கிற மெய்நிகர் கணினி வரைக்கும் பாதை சரியாக இருக்கிறது. விண்டோஸ் 7 எழுந்து பொறுப்பை ஏற்ற பிறகுதான் விசை தொலைகிறது. கோளாறு பழைய விண்டோசுக்குள். புது மடிக்கணினியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சண்டை போட வேண்டியதில்லை.

அடுத்தது, சுட்டி நகர்கிறது, விசைப்பலகை ஓடவில்லை. பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் இதற்கு நேரான காரணம் உண்டு. விண்டோஸ் 7-க்கு என்று ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கினால், விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு யுஎஸ்பி வழியாக ஒரு சுட்டியைக் கொடுக்கும். விசைப்பலகையை மட்டும் யுஎஸ்பிக்கு முந்திய பழைய இணைப்பான பிஎஸ்/2 வழியாகக் கொடுக்கும். இரண்டும் வேறு வேறு வாசல். 1984-இல் ஐபிஎம் ஏடி கணினியில் விசைப்பலகையைக் கவனிக்க இன்டெல் 8042 என்ற சில்லு இருந்தது. இன்றைக்கும் மெய்நிகர் கணினிகள் அந்தச் சில்லைப் போலவே நடிக்கின்றன, ஏனென்றால் அதை அறியாத இயங்குதளம் அநேகமாகக் கிடையாது. விண்டோசில் அந்த வாசலைக் காக்கும் இயக்கியின் (டிரைவரின்) பெயரிலேயே அந்த எண் இருக்கிறது: ஐ8042பிஆர்டி.

மூன்றாவது துப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. யுஎஸ்பி விசைப்பலகையை உள்ளே அனுப்பினால் எழுத்து விழுகிறது. இந்த மாதிரி இடமாற்றத்தில் விசைப்பலகை செத்துப்போவதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்வோம். ஒன்று, பழைய கணினியில் கூடுதல் பொத்தான்கள் வைத்த விசைப்பலகைக்காகப் போட்ட மென்பொருள், எல்லா விசைகளும் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருக்கும். புது இடத்தில் அந்த வடிகட்டி எழும்பாது. அது எழும்பாவிட்டால் எந்த விசைப்பலகையும் எழும்பாது, பிஎஸ்/2 ஆனாலும் யுஎஸ்பி ஆனாலும். உங்களுக்கு யுஎஸ்பி ஓடுகிறது. ஆகவே இந்தக் காரணம் அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது இரண்டாவது: ஐ8042பிஆர்டி இயக்கி முடக்கப்பட்டிருக்கிறது.

யார் முடக்கினார்கள்? அப்பாவின் கணினியில் யுஎஸ்பி விசைப்பலகை மட்டுமே இருந்திருந்தால், பிஎஸ்/2 வாசலுக்கு அங்கே வேலையே இல்லை. "கணினியை வேகமாக்குகிறேன்" என்று வரும் மென்பொருள்கள் பயன்படாத சேவைகளை முடக்குவதில் கெட்டிக்காரர்கள். கடைக்கு வந்த யாரோ ஒரு "கம்ப்யூட்டர் தெரிஞ்ச அண்ணன்" செய்திருக்கவும் கூடும். யாராக இருந்தாலும், அந்தக் கணினியில் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரிந்திருக்காது. இடம் மாறிய பிறகுதான் குட்டு உடைகிறது.

ஊகத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள். முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்குள் போய், கன்ட்ரோல் பேனலில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். விசைப்பலகைகள் என்ற பகுதியில் "ஸ்டாண்டர்ட் பிஎஸ்/2 கீபோர்ட்" என்ற வரியில் மஞ்சள் குறி இருக்கும். அதை இரண்டு முறை சொடுக்கினால் ஒரு பெட்டியில் காரணம் எழுதியிருக்கும், கடைசியில் ஓர் எண்ணும் இருக்கும். 32 என்றால் இயக்கி முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், நாம் தேடிய ஆள் அகப்பட்டான். 39 என்றால் இயக்கிக் கோப்பு காணவில்லை அல்லது கெட்டுப்போயிருக்கிறது. 19 என்றால் விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் உள்ள குறிப்பு குழம்பியிருக்கிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் நான் சொன்ன வடிகட்டி விவகாரத்தில் வருபவை.

இனி சரிசெய்வது. மெய்நிகர் கணினியை முறையாக மூடிவிட்டு, விர்ச்சுவல்பாக்சில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோசின் பதிவேட்டில் கை வைக்கப் போகிறோம். தவறினால் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஸ்னாப்ஷாட்தான் வழி. நிஜக் கணினியில் இந்த வசதி கிடையாது.

பிறகு உள்ளே போய், தொடக்கப் பட்டியலில் ரெஜ்எடிட் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பதிவேட்டைத் திறங்கள். இடப்பக்க மரத்தில் லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், அதற்குள் கரன்ட் கன்ட்ரோல் செட், அதற்குள் சர்வீசஸ், அதற்குள் அகர வரிசையில் ஐ8042பிஆர்டி. அதைச் சொடுக்கினால் வலப்பக்கம் ஸ்டார்ட் என்று ஒரு மதிப்பு தெரியும். முடக்கப்பட்டிருந்தால் அங்கே 4 இருக்கும். இரண்டு முறை சொடுக்கி அதை 1 ஆக்குங்கள். வேறெதையும் தொடாமல் மூடிவிட்டு, மெய்நிகர் கணினியை மறுபடி தொடங்குங்கள். தொடங்கும் முன் அந்த யுஎஸ்பி விசைப்பலகைக்குப் போட்ட டிக்கை எடுத்துவிடுங்கள். அமைப்புகளில் யுஎஸ்பி பக்கத்தில் அதன் பெயர் வடிகட்டிப் பட்டியலில் சேர்ந்திருந்தால் அதையும் நீக்குங்கள். கடவுச்சொல் திரையில் மடிக்கணினியின் விசைப்பலகையிலேயே எழுத்து விழ வேண்டும்.

விர்ச்சுவல்பாக்சின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்சை உள்ளே ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். ஏற்றுங்கள், திரையின் அளவுக்கும் கோப்புகளைப் பகிர்வதற்கும் நல்லது. விசைப்பலகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்கு வராத, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வரக்கூடிய நிலையையும் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி விசைப்பலகையை உள்ளே அனுப்பியும் அசையவில்லை, டிவைஸ் மேனேஜரில் 39 அல்லது 19 என்றால், அதே கரன்ட் கன்ட்ரோல் செட்டுக்குள் கன்ட்ரோல், அதற்குள் கிளாஸ் என்று போங்கள். அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்பெயர்களாகக் கிடக்கும். 4டி36இ96பி என்று தொடங்குவதுதான் விசைப்பலகைகளின் வகுப்பு. இதைப் போலவே 96எஃப் என்று முடியும் தொடக்கத்தோடு ஒன்று இருக்கும், அது சுட்டியுடையது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விசைப்பலகை வகுப்பில் அப்பர்ஃபில்டர்ஸ் என்ற மதிப்பைத் திறந்தால், கேபிடிகிளாஸ் என்ற ஒரு வரி மட்டும் இருக்க வேண்டும். வேறு பெயர்கள் கூட இருந்தால் அவைதான் நான் சொன்ன வடிகட்டிகள். அந்த வரிகளை மட்டும் நீக்குங்கள். கேபிடிகிளாசையும் சேர்த்து நீக்கினாலோ, அப்பர்ஃபில்டர்சையே ஒட்டுமொத்தமாக அழித்தாலோ நல்ல விசைப்பலகையும் போய்விடும். "அதை டிலீட் பண்ணிடுங்க" என்று ஒரே வரியில் யோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

உள்ளேயே போக முடியாதவர்கள், விண்டோஸ் நிறுவல் வட்டின் ஐஎஸ்ஓ கோப்பைக் கொண்டு மெய்நிகர் கணினியைத் தொடங்கி, முதல் திரையில் ஷிஃப்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் வரும். அந்தச் சூழலுக்குச் சொந்த இயக்கிகள் உண்டு, விசைப்பலகை ஓடும். அங்கிருந்து ரெஜ்எடிட் திறந்து, லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, லோட் ஹைவ் மூலம் பழைய விண்டோசின் சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக் அடைவில் இருக்கும் சிஸ்டம் கோப்பை ஏற்றித் திருத்தலாம். அப்படி ஏற்றும்போது கரன்ட் கன்ட்ரோல் செட் என்ற பெயர் தெரியாது. செலக்ட் என்ற பகுதியில் கரன்ட் என்பதற்கு எதிரே என்ன எண் இருக்கிறதோ, அந்த எண்ணுள்ள கன்ட்ரோல் செட்டைத்தான் திருத்த வேண்டும். வேலை முடிந்ததும் அன்லோட் செய்ய மறக்காதீர்கள்.

சரி, உங்கள் தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் எனக்குக் கவலை தந்தது இதுதான். விசைப்பலகை ஓடாவிட்டால் உடனே தெரிந்துவிடும். எழுத்து இரட்டிப்பது அச்சான பிறகு மண்டபத்தில் வைத்துத்தான் தெரியும்.

நீங்கள் தமிழ்99 முறையில் அடிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டுக்குப் பிறகு நிலைபெற்ற முறை அது. அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால், முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். கையைச் சேமிக்கும் அருமையான ஏற்பாடு. "மகள்" என்று அடிக்க கே, எச், ஒய், எஃப் என்ற நான்கு விசைகளைத் தட்டுகிறீர்கள். நடுவில் எச் ஒரு முறை கூடுதலாக விழுந்துவிட்டால் என்ன வரும்? "மககள்" என்று வந்தாலாவது கண்ணில் குத்தும். வருவது "மக்கள்". நல்ல தமிழ்ச் சொல், எந்தக் கண்ணும் அதில் இடறாது. திரு, திருமதி இன்னாரின் "இளைய மக்கள்" என்று 300 பத்திரிகை அடித்துக் கட்டிக் கொடுத்தபிறகு பெண்ணின் தாய்மாமன் பார்ப்பார். அவர் கண்ணில் மட்டும் எதுவும் தப்பாது.

ஏன் இரட்டிக்கிறது? யுஎஸ்பி விசைப்பலகை "இந்த விசை அழுத்தப்பட்டது", "இந்த விசை விடப்பட்டது" என்று இரண்டு செய்திகளைத்தான் அனுப்புகிறது. அழுத்திக்கொண்டே இருந்தால் எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும் வேலையை விண்டோசே செய்கிறது. நீங்கள் யுஎஸ்பியை மெய்நிகர் கணினிக்குள் அனுப்பிவிட்டதால், "விடப்பட்டது" என்ற செய்தி மடிக்கணினியையும் விர்ச்சுவல்பாக்சையும் கடந்து உள்ளே போய்ச் சேர வேண்டும். வழியில் மடிக்கணினிக்கு வேறு வேலை வந்து செய்தி சற்றுத் தாமதமானால், உள்ளே இருக்கும் விண்டோஸ் 7 நீங்கள் இன்னும் விசையை அமுக்கிக்கொண்டிருப்பதாக நினைத்து இன்னொரு எழுத்தைப் போடும். பிஎஸ்/2 வழியைச் சரிசெய்து யுஎஸ்பி டிக்கை எடுத்தாலே இது பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் எப்போதாவது இரட்டித்தால், விண்டோஸ் 7-இன் கன்ட்ரோல் பேனலில் கீபோர்ட் என்பதைத் திறந்து, ரிப்பீட் டிலே என்ற சறுக்கியை லாங் பக்கம் முழுக்கத் தள்ளி வையுங்கள்.

அத்துடன், மெய்நிகர் கணினி ஓடும்போது சாளரத்தின் கீழ் வலது மூலையில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விண்டோஸ் 11-இன் சொந்த மெய்நிகர் கணினி அடுக்கான ஹைப்பர்-வி ஏற்கெனவே செயலியைப் பிடித்து வைத்திருக்கும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றித்தான் ஓட வேண்டும். அதை அறிவிக்க ஆமையைக் காட்டும். வேகம் குறையும், விசைகளும் தாமதமாகும். அந்த அடுக்கை முழுவதும் நிறுத்தலாம், ஆனால் அதோடு கோர் ஐசொலேஷன் போன்ற பாதுகாப்பு அம்சங்களும் போகும். அதே மடிக்கணினியில் கடையின் வங்கிக் கணக்கையும் பார்க்கிறீர்கள் என்றால், நான் நிறுத்தச் சொல்லமாட்டேன். மெய்நிகர் கணினிக்கு இரண்டு செயலிக் கருவும் 2 ஜிபி நினைவகமும் ஒதுக்கி, பின்னால் திறந்து கிடக்கும் உலாவிகளை மூடினால் பேஜ்மேக்கருக்கு அது தாராளம்.

சில பேருக்கு இதற்கு நேர்மாறாக, வேகமாக அடித்தால் எழுத்தே விழாது. வலது ஷிஃப்டை 8 விநாடி அமுக்கியபடி இருந்தால் ஃபில்டர் கீஸ் விழித்துக்கொள்ளும். பிறகு சட்டென்று தட்டும் விசைகளை விண்டோஸ் கண்டுகொள்ளாது. ஈஸ் ஆஃப் அக்சஸ் சென்டரில் போய் அணைத்துவிடலாம்.

@ குறிக்கு வருவோம். விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் இடத்தைத்தான் அனுப்புகிறது. தோட்டத்து லயத்தில் வீட்டு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பதைக் கேட்பவரே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரி. மெய்நிகர் கணினிக்குள் போவதும் அந்த எண்தான். உள்ளே விண்டோஸ் 7 பிரிட்டன் தளவமைப்பில் இருக்கிறது. அதில் ஷிஃப்டும் 2-ம் மேற்கோள் குறி, @ இருப்பது என்டர் விசைக்குப் பக்கத்தில். உங்கள் மடிக்கணினியில் அச்சிட்டிருப்பது அமெரிக்கத் தளவமைப்பு. ரீஜன் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் அமெரிக்க ஆங்கிலத்தைச் சேர்த்து, அதையே முதன்மையாக்குங்கள். ஆனால் அதற்கு முன் அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் கை பழைய இடத்துக்கே பழகியிருந்தால், நீங்கள் சரிசெய்தது அவருக்குக் கோளாறாகத் தெரியும்.

இதே காரணத்தால், வெளியே விண்டோஸ் 11-இல் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் போட்டிருந்தால் மெய்நிகர் கணினிக்குள் வேலை செய்யும்போது அதை அணைத்து வையுங்கள். வெளியே ஆங்கிலம், உள்ளே தமிழ், அவ்வளவுதான். வெளியே இருப்பது விசைகளை இடைமறித்து யூனிகோட் எழுத்தாக மாற்றப் பார்க்கும். மெய்நிகர் கணினிக்கு யூனிகோட் எழுத்து வேண்டாம், விசையின் எண்தான் வேண்டும். விசைகள் நடுவழியில் காணாமல் போகும். அது மட்டுமல்ல, பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. வெளியே யூனிகோட்டில் அடித்ததைப் பிரதியெடுத்து உள்ளே ஒட்டினால் கேள்விக்குறிகளாக வரும். அப்பாவின் எழுத்துருக்களுக்கு ஏற்ற பழைய குறியாக்கத்தில் எழுதும் மென்பொருள் அந்த விண்டோஸ் 7-க்குள்தான் இருக்கிறது. இடம் மாற்றியதில் நீங்கள் காப்பாற்றியிருப்பது அதைத்தான்.

அச்சிடப் போகும்போது திரை மங்குவது பேய் வேலை இல்லை. அப்பா கன்ட்ரோலும் பி-யும் அழுத்தும்போது வலப்பக்கக் கன்ட்ரோலை அழுத்துகிறாரா என்று கவனியுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் வலது கன்ட்ரோலைத் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறது, அதற்கு ஹோஸ்ட் கீ என்று பெயர். அதோடு பி சேர்ந்தால் "நிறுத்தி வை" என்று அர்த்தம். மெய்நிகர் கணினி அப்படியே உறைந்து நிற்கும், திரை மங்கும், எந்த விசைக்கும் பதில் வராது. மெஷின் பட்டியலில் பாஸ் என்பதன் டிக்கை எடுத்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும், எதுவும் அழிந்திருக்காது. இப்படி நின்றதைக் கோளாறு என்று நினைத்து மின்சாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். வலது கன்ட்ரோலோடு ஆர் சேர்ந்தால் மீட்டமைப்பு, எச் சேர்ந்தால் மூடும் கட்டளை என்று இன்னும் சில உண்டு, ஆகவே அப்பாவின் பழக்கத்தை மாற்றச் சொல்வதைவிட விசையை மாற்றுவது சுலபம். ஃபைல் பட்டியலில் பிரிஃபரன்சஸ், அதில் இன்புட், அங்கே மெய்நிகர் கணினிக்கான பகுதியில் ஹோஸ்ட் கீயைச் சொடுக்கி, வலது கன்ட்ரோலும் வலது ஷிஃப்டும் சேர்ந்த கூட்டாக மாற்றுங்கள். புது மடிக்கணினிகள் சிலவற்றில் வலது கன்ட்ரோல் இருந்த இடத்தைக் கோபைலட் விசை பிடித்துக்கொண்டது. அப்படியானால் வேறு ஏதாவது ஒரு விசையைத் தேர்ந்தெடுங்கள். கையில் அடிக்கடி படாததாக இருக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொது ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை இணையத்தில் விட வேண்டாம். மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் கேபிள் கனெக்டட் என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். நோட்டீசை பிடிஎஃப் ஆக்கி, பகிர்ந்த அடைவு வழியாக வெளியே எடுத்து, மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வெளியே இருக்கும் விண்டோஸ் 11-இலிருந்து அனுப்பினால் போதும். வன்பொருள் மாறியதால் விண்டோஸ் 7 மறுபடி உரிமம் சரிபார்க்கச் சொல்லலாம். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்தப் பெட்டிக்கே உரியது, ஆகவே கேட்டால் பதில் சொல்ல அப்பா வாங்கிய ரசீதையும் பெட்டியில் ஒட்டியிருக்கும் உரிம எண்ணையும் தேடி வையுங்கள்.

அந்தப் பெட்டியை இப்போதைக்கு "சூராட் காபார் லாமா" என்று கூவி வரும் பழைய பேப்பர் லோரிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு திருவிழாக் காலம் முழுக்க, ஆடி மாதத் தீமிதி நோட்டீஸ்கள் எல்லாம் மெய்நிகர் கணினியிலிருந்து சரியாக வெளியே வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை மின்சாரத்திலிருந்து கழற்றி, உயரமான இடத்தில் வையுங்கள். மெய்நிகர் வன்தட்டுக் கோப்பை ஒரு வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். மின்னல் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் விழாது என்று நம்புவோம்.

ஸ்டார்ட் மதிப்பு 4 ஆக இல்லாமல் வேறு எண்ணாக இருந்தாலோ, 1 ஆக்கிய பிறகும் கடவுச்சொல் திரையில் எழுத்து விழாவிட்டாலோ, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறிக்குக் கீழே எந்த எண் இருக்கிறது என்று எழுதுங்கள். திரையில் காரணம் எழுதியிருக்கும் அந்தப் பெட்டியையும் படம் எடுத்து அனுப்புங்கள், ஃபிளாஷ் இல்லாமல்.